காலுறைக்குள் இருந்த எல்லைகள்

குத்தைஸியில் ஆற்றுப் பாலம் தாண்டி
ரொட்டிக்கடைக்கு மேல்மாடி, நில அளவை அலுவலகம்.
ஐந்து பேர், நான்கு நாற்காலி,
ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்.
கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் படுத்தபடி
அது மேசை மேசையாகப் போகும்
பந்தியில் உப்புக்கிண்ணம் போவதுபோல.

ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது.
காலுறைக்குள் இருந்ததால்
பால்பல் விழுகிற அளவுக்குத்தான் சத்தம்.

உள்ளே அண்ணன் தம்பி வழக்கு,
வால்நட் மரம் யார் பக்கம் என்று.
'இறுதி', 'இறுதி இரண்டு', 'இதுதான் இறுதி'
மூன்றும் போயின.
ஓத்தார் முக்காலியைத் தோளில் போட்டு
மழையில் மறுபடி மலையேறினார்.
அண்ணன்காரன் கேட்டானாம்:
"ஏன், மரம் நகர்ந்துவிட்டதா?"

லமாரா என் மேசையில் தாளை வைத்தாள்.
தொள்ளாயிரம். அதற்கு மேல் ஒரு காசு இல்லை.
கணக்கெழுதுகிறவள் நான்;
அவள் 'இல்லை' என்றால்
எவ்வளவு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கோச்சா நான்கு டிஸ்க் கொள்ளும் பெட்டியின் படத்தை
கல்யாணப் பெண்ணின் படம்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் கேட்டது ஒன்றுதான்:
இதுவரை எவ்வளவு அளந்திருக்கிறோம்?
எல்லோர் கணினியையும் கூட்டிப் பார்த்தோம்.
எட்டு வருட வயல், கல்லறை, திராட்சைத் தோட்டம், தகராறு
எல்லாம் மூன்று டெராபைட்டுக்குள்
கால் மடக்கி உட்கார்ந்துவிட்டன.

இரண்டு போதும் என்று இறங்கி வந்தோம்.
விலை மலிந்த பெட்டி கிடைத்தது; திறந்தால் காலி.
டிஸ்க் தனியாக வாங்கவேண்டுமாம்.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

ஸ்கல்துபோவில் மூடிக்கொண்டிருந்த விடுதியில்
பழைய பெட்டி ஒன்று இருநூற்று அறுபதுக்கு வந்தது.
புது டிஸ்க் இரண்டு, அறுநூற்று நாற்பது.
கூட்டிப் பாருங்கள். நான் நான்கு முறை கூட்டினேன்.

பெட்டிக்குள் விடுதிக்காரர் மறந்த டிஸ்க் ஒன்று.
நாற்பத்தோராயிரம் மணி நேரம் ஓடியது.
செருகினோம்.
அறை பன்னிரண்டுக்கு முட்டை வேண்டாம்.
சமையற்காரியின் விடுப்புக் கடிதம், தாய்க்குக் காய்ச்சல்.
அதே தாய்க்கு அடுத்த மாதமும் காய்ச்சல்.
நீர் வற்றிய குளத்தின் நடுவே
பிறந்தநாள் தொப்பியோடு ஒரு சிறுவன்.
சாஸா இன்னும் இன்னும் என்று திறந்துகொண்டே போனான்.
"மூடு" என்றாள் லமாரா.
நாளை நம்முடையதை யார் திறப்பார்களோ என்று
யாரும் சொல்லவில்லை.

இரவெல்லாம் அது அழிந்தது, விழுக்காடு விழுக்காடாக.
கணக்கில் எழுதினேன்:
அழித்த வகையில் செலவு எதுவும் இல்லை.

இப்போது கூரை ஒழுகாத மூலையில்,
மது அலமாரிக்கு மேல் பெட்டி முனகுகிறது.
ஒரு டிஸ்க் எழுதுவதையே மற்றதும் எழுதும்;
ஒன்று செத்தால் ஒன்று.
நிம்மதியாகத்தான் இருந்தோம்,
சாஸா ஒரு கிராமத்தையே தவறுதலாக அழிக்கும்வரை.
இரண்டும் அவன் சொல்லைத் தட்டவில்லை,
ஒரே நொடியில் அழித்தன.
நல்லவேளை, சிறிய கிராமம்,
காகிதத்தில் இருந்தது.

அன்றிலிருந்து விடுதி டிஸ்க் என்னுடையது.
வெள்ளி மாலை எல்லாவற்றையும் அதில் நகலெடுப்பேன்.
"அந்தக் கிழட்டை நம்பாதீர்கள்" என்கிறான் கோச்சா.
நம்பவில்லை, கூட்டிப்போகிறேன், அவ்வளவுதான்.
அதே காலுறை. குதிகாலில் ஓட்டை தைத்தாயிற்று.
கீழே வாங்கிய சூடான ரொட்டி ஒரு கையில்,
ஒரு மாவட்டத்தின் வேலிகள் இன்னொரு கையில்.
ரொட்டிச் சூடு படாமல் தள்ளியே பிடித்துக்கொள்வேன்.

ரியோனி ஆறு கீழே இரைகிறது.
பாலத்தில் நான் இப்போதெல்லாம்
கைப்பிடிச் சுவரை ஒட்டி நடப்பதில்லை.